பழைய ஜூடி ஃபோர்க்க வீட்லயே பிரிச்சு மாட்டுறது எப்படி

பக்கத்து தெரு கராஜ் சேல்ல 40 டாலருக்கு ஒரு பழைய மவுண்டன் பைக் கெடச்சுது. ஃப்ரேம் நல்லா இருந்துச்சு, செயின் துரு புடிச்சிருந்துச்சு, டயர் ரெண்டும் வெடிப்பு விட்டு கெடந்துச்சு, அதெல்லாம் ஒரு மேட்டரே இல்ல, ஆனா முன்னாடி சஸ்பென்ஷன் ஃபோர்க்குல கைய ஊனி அமுக்கினா அம்மிக்கல்ல அமுக்குன மாதிரி அசையவே இல்ல. வித்த பெரியவர் "அது செத்து பல வருஷம் ஆச்சுப்பா, கழட்டி வீசிட்டு சாதா ஃபோர்க் ஒண்ணு போட்டுக்கோ"ன்னு சொன்னாரு. ஸ்டிக்கர தொடச்சு பாத்தா ராக்ஷாக்ஸ் கம்பெனியோட ஜூடி எக்ஸ்சி மாடல். நான் இருக்கறது சான் ஹோசேல, 90கள்ல ராக்ஷாக்ஸ் கம்பெனியும் இதே ஊர்ல தான் இருந்துச்சு, அப்புறம் தான் கொலராடோ பக்கம் போய் 2002ல ஸ்ராம்ங்கற சைக்கிள் பார்ட்ஸ் கம்பெனி கைக்கு மாறுச்சு. சொந்த ஊர் சரக்கு, குப்பைக்கு போக விட மனசு வரல.

மூணு சனிக்கிழமை ஆச்சு. இப்ப நல்லாவே வேலை செய்யுது. இதுல நான் கத்துக்கிட்ட ஒரே விஷயம், அந்த காலத்து ஃபோர்க்ல பாதிக்கு மேல செத்ததே கெடயாது, உள்ள இருக்கற ரப்பர் தான் செத்திருக்கும். இரும்பும் அலுமினியமும் அப்படியே இருக்கும். அதனால வேலைல முக்காவாசி சுத்தம் பண்றது தான், மெக்கானிக் வேலை கொஞ்சம் தான்.

கதை சுருக்கமா சொல்லிடறேன். பால் டர்னர்னு ஒருத்தர், ஹோண்டாவோட மோட்டோகிராஸ் டீம்ல மெக்கானிக்கா இருந்தவர், 1989ல ராக்ஷாக்ஸ் ஆரம்பிச்சாரு. முதல் ஃபோர்க் ஆர்எஸ்-1, காத்தும் ஆயிலும் வச்சு வேலை செய்யறது. 1990ல கொலராடோ டுராங்கோல நடந்த மவுண்டன் பைக் உலக சாம்பியன்ஷிப்ல டவுன்ஹில், அதாவது மலை எறக்க ரேஸ் ஜெயிச்ச கிரெக் ஹெர்போல்ட் ராக்ஷாக்ஸ் போட்டு தான் ஓட்டினாரு, அதோட எல்லாருக்கும் சஸ்பென்ஷன் ஆசை வந்துருச்சு. 1995ல ஜூடி வந்துச்சு. இதுல ஸ்ப்ரிங்குக்கு பதிலா எலாஸ்டோமர், அதாவது நுண்ணுண்ணா காத்துக்குமிழி இருக்கற யூரித்தேன் ரப்பர் கட்டைங்கள அடுக்கி வச்சிருப்பாங்க. எடை கம்மி, காத்து கசியற தலைவலி இல்ல, வேற கலர் கட்டை போட்டா கெட்டித்தன்மை மாறும். அந்த காலத்துக்கு நல்ல ஐடியா தான், ஆனா யூரித்தேனுக்கு ஈரம் எமன். காத்துல இருக்கற ஈரப்பதமே போதும், வருஷக்கணக்குல மெல்ல மெல்ல அரிச்சு ஒண்ணு கல்லு மாதிரி இறுகிரும், இல்லன்னா மென்னு துப்புன சூயிங்கம் மாதிரி ஆயிரும். என்னோடதுல ரெண்டுமே இருந்துச்சு, மேல கல்லு, அடில பிசின்.

இதுனால ஒரு முக்கியமான எச்சரிக்கை. "பிரிக்காத பாக்கெட், அந்த காலத்து ஒரிஜினல் எலாஸ்டோமர்"னு நெட்ல விப்பாங்க. வாங்காதீங்க. ஓட்டுனா தான் கெடும்னு இல்ல, பாக்கெட்ல சும்மா இருந்தாலும் கெடும். நான் ஒரு செட் வாங்கி பிரிச்சதும் விரல்ல ஒட்டிக்கிச்சு, 25 டாலர் போச்சு.

உங்ககிட்ட இருக்கறது ஜூடி தானான்னு பாத்துக்கோங்க, ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. ராக்ஷாக்ஸோட மேக் 21 மாதிரி மேக் வகைன்னா உள்ள காத்தும் ஆயிலும் தான், ரப்பர் அடுக்கு இல்ல, மேல மூடில ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அத எடுத்தா ரப்பர் வால்வு, ஃபுட்பாலுக்கு காத்தடிக்கற ஊசி மாதிரி ஊசி விட்டு தான் காத்தடிக்கணும், அங்க கவலை எல்லாம் ஆயில் சீல் பத்தி தான். டக் பிராட்பரி செஞ்ச பழைய மேனிட்டூன்னா எலாஸ்டோமர் தான், ஜூடிய விட சிம்பிள், ஆரம்ப மாடல்ல ஆயில் கார்ட்ரிட்ஜே (துள்ளல அடக்கற, ஆயில் நெறஞ்ச குழாய்) கெடயாது. மார்சோக்கி பாம்பர் இசட்1, 1997ல வந்த அந்த ஆரஞ்சு கலர் யானை, அதுல ஸ்டீல் ஸ்ப்ரிங்கும் ஃபோர்க்கோட ரெண்டு கால் குழாய் நெறய ஆயிலும், பழைய ஆயில கொட்டி புது ஆயில் ஊத்தி சீல் மாத்துனா பாதி நேரம் அதுவே போதும், குடுத்து வச்சவங்க. கீழ சொல்றது முழுக்க ஜூடிக்கு.

பேரு குழப்பம் வராம இருக்க ஒண்ணு சொல்லிடறேன். மேல இருக்கற பளபள குழாய் ரெண்டும் ஸ்டாங்ஷன், கீழ வீல புடிச்சிருக்கற பெயிண்ட் அடிச்ச பாகம் லோயர், ரெண்டு ஸ்டாங்ஷனையும் சேத்து புடிக்கறது கிரவுன், அதுலருந்து ஹேண்டில்பார் பக்கம் போற தண்டு ஸ்டியரர்.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி ஃபோர்க்க வண்டிலருந்து கழட்டி நல்ல வெளிச்சத்துல வச்சு பாருங்க. கிரவுன் ஓரத்துல, ஸ்டியரர் கிரவுன்ல சேர்ற இடத்துல, ரெண்டு லோயரயும் வீலுக்கு மேல சேக்கற வளைவு, அதாவது பிரேக் ஆர்ச், அதோட போல்ட் சுத்தி, வீல் மாட்ற வாய்ல, எங்கயாச்சும் முடி மாதிரி ஒரு கோடு தெரியுதா? நகத்தால உரசி பாருங்க, நகம் மாட்டுனா அத விரிசல்னே எடுத்துக்கோங்க. விரிசல் இருந்தா அதோட முடிஞ்சுது, செவுத்துல மாட்டி அழகு பாக்கலாம், ஓட்டக்கூடாது. முன் ஃபோர்க் ஒடஞ்சா ஆள் மூஞ்சி மேல தான் விழுவான், இதுல சென்டிமென்ட்டே வேணாம். மண்ணு போகாம மூடற ரப்பர் உறை, அதாவது பூட்ட மேல தூக்கி ஸ்டாங்ஷனயும் பாருங்க, அலுமினியம்னா மேல்பூச்சு தேஞ்சு வெள்ளையா திட்டு தெரியும், ஸ்டீல்னா துருப்புள்ளி இருக்கும். லேசான தேய்மானம் பரவால்ல, விரல்ல தட்டுப்படற பள்ளம் இருந்தா புஷ்ஷ, அதாவது லோயர் உள்ள ஸ்டாங்ஷன் வழுக்கி போற வளையத்த தின்னுரும்.

டூல்ஸ் பெருசா ஒண்ணும் வேணாம். நல்ல ஆலன் கீ செட், மேல் மூடிக்கு சரியா பொருந்தற சாக்கெட், பிளாஸ்டிக் தலை சுத்தியல், உள்பக்க சர்க்கிளிப் (குழாய் உள்ள காடில உக்கார்ற வளைய கிளிப்) பிளையர், வெர்னியர் காலிப்பர், நீளமான மரக்குச்சி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பழைய பனியன் துணி ஒரு மூட்டை, கண்ணுக்கு போடற பாதுகாப்பு கண்ணாடி, கிளவுஸ். எவ்ளோ இறுக்கறோம்னு அளந்து காட்டற டார்க் ரெஞ்ச் இருந்தா ரொம்ப நல்லது. சர்க்கிளிப் பிளையர்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, சீப்பானது மூக்கு வளஞ்சு கிளிப் பறந்து கண்ணுக்கு வரும்.

இப்ப பிரிக்கலாம். இங்க தான் நான் சொதப்புனேன். ஆர்வத்துல மொதல்ல மேல் மூடிய கழட்டி ரப்பர் அடுக்க எல்லாம் புடுங்கி எடுத்துட்டேன், அப்புறம் அடி போல்ட்ட திருப்புனா போல்ட்டோட சேந்து உள்ள இருக்கற ஷாஃப்ட்டும் சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு, கழலவே மாட்டேங்குது. காரணம் என்னன்னா ஜூடில அந்த ஷாஃப்ட்டோட மேல் முனை ரப்பர் அடுக்க அமுக்கிக்கிட்டு இருக்கும், அந்த அழுத்தம் தான் ஷாஃப்ட்ட சுத்தாம புடிச்சு வைக்கும். அதனால அடுக்கு உள்ள இருக்கும்போதே, முடிஞ்சா ஒருத்தர ஃபோர்க்க அமுக்கிக்கிட்டு நிக்க சொல்லி, லோயருக்கு அடில இருக்கற ரெண்டு போல்ட்டயும் மொதல்ல லூஸ் பண்ணுங்க. இறுகி கெடந்தா ஹேர் டிரையர்ல கொஞ்சம் சூடு காட்டுங்க, உள்ள மரைல பசை போட்டிருப்பாங்க. என்ன மாதிரி முன்னாடியே புடுங்கிட்டீங்கன்னா மேலருந்து ஒரு மரக்கட்டைய விட்டு ஷாஃப்ட் மேல அழுத்தி புடிச்சுக்கிட்டே திருப்பணும், நாலாவது தடவ வந்துச்சு எனக்கு.

போல்ட்ட முழுசா எடுக்காதீங்க. மூணு நாலு சுத்து மரை பாக்கி இருக்கற மாதிரி விட்டு, போல்ட் தலை மேல பிளாஸ்டிக் சுத்தியலால தட்டுங்க, உள்ள ஷாஃப்ட் லோயர்லருந்து விடுபட்டு "டொக்"னு மேல போகும். அப்புறம் போல்ட்ட எடுக்கலாம். லோயர் மெக்னீசியம், அது மேல நேரா சுத்தியல் போட்டா அவ்ளோ தான், பாத்துக்கோங்க.

அப்புறம் மேல் மூடில இருக்கற திருப்பற குமிழ எடுத்து மூடிய கழட்டுங்க. மூடி பிளாஸ்டிக், அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வச்சு பாதி பிடில திருகுனா முனை மழுங்கி வட்டமாயிரும், சாக்கெட் தான் சரி. ரப்பர் அடுக்கு ஒரு பிளாஸ்டிக் குச்சில கோத்து இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தா முழுசா வரும். தூக்கி போடாதீங்க! எவ்ளோ கேவலமா இருந்தாலும் மொத்த நீளம், விட்டம், எத்தன கட்டை, நடுவுல வாஷர் எங்க எல்லாம் அளந்து எழுதி ஃபோட்டோ எடுத்துக்கோங்க, புதுசு வாங்க இது தான் ஆதாரம்.

லோயர நேரா கீழ இழுத்தா கழண்டு வரும். அப்ப ஷாஃப்ட்ல கோத்த சின்ன ரப்பர் வளையம் ஏதாச்சும் கீழ விழும், அது ஃபோர்க் முழுசா நீளும்போது டங்குன்னு இடிக்காம இருக்க வச்சது, எந்த கால்லருந்து எந்த வரிசைல வந்துச்சுன்னு கவனிங்க.

ஸ்டாங்ஷன் அடில எட்டி பாத்தா உள்ள சர்க்கிளிப் தெரியும். கண்ணாடி போட்டுக்கிட்டு, மேல ஒரு துணிய போத்தி, கிளிப்ப எடுங்க. பெரும்பாலும் இடது கால்ல இருந்து ஆயில் கார்ட்ரிட்ஜ் வரும், இன்னொரு கால்ல வெறும் ஷாஃப்ட்டும் அத நேரா வச்சிருக்கற கைடும் தான். அந்த கால்ல ஆயிலே இல்லயேன்னு பயந்துறாதீங்க, அது அப்படித்தான்.

சுத்தம் பண்றது தான் தண்டனை. பிசின் ஸ்டாங்ஷன் உள்பக்கம் தார் மாதிரி ஒட்டிருக்கும், ஸ்டீல் கம்பி விட்டு சுரண்டுனா உள்ள கீறும், மரக்குச்சிய தட்டையா சீவி மொதல்ல பெரிய கட்டிய எடுங்க, அப்புறம் ஆல்கஹால்ல நனச்ச துணிய குச்சில சுத்தி துப்பாக்கி குழாய் துடைக்கற மாதிரி இழுங்க, கொஞ்ச நேரம் ஊற விடுங்க, மறுபடி இழுங்க. துணி வெள்ளையா வர வரைக்கும். எனக்கு ரெண்டரை மணி நேரம், ஒரு முழு கச்சேரி கேட்டு முடிச்சேன். அசிட்டோன், தின்னர் எல்லாம் சீக்கிரம் கரைக்கும் தான், ஆனா பெயிண்டு ஸ்டிக்கர் பிளாஸ்டிக் எல்லாத்தயும் சேத்து கரைச்சுரும்.

லோயர் உள்ள ஒவ்வொரு கால்லயும் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு புஷ் இருக்கும். காலியா இருக்கும்போதே ஸ்டாங்ஷன லோயர்குள்ள விட்டு முன்ன பின்ன ஆட்டி பாருங்க, இம்மியளவு ஆட்டம் இருந்தா ஓகே, லொடலொடன்னு ஆடுனா புஷ் போச்சு. புஷ் மாத்தறது வீட்ல பண்ற வேலை இல்ல, அதுக்கு தனி டூல் வேணும், அந்த நேரத்துக்கு உருப்படியான இன்னொரு லோயர் தேடறது மேல்.

கார்ட்ரிட்ஜுக்கு வருவோம், ஜூடியோட பலவீனமே இது தான். கைல நிமித்தி புடிச்சு ஷாஃப்ட்ட மெதுவா அமுக்கி இழுத்து பாருங்க. முழு தூரமும் ஒரே மாதிரி தேன்ல கரண்டி விட்ட மாதிரி போனா நல்லா இருக்கு. நடுவுல திடீர்னு வெறுமையா லபக்குன்னு போனா ஆயில் கொறஞ்சு காத்து புகுந்திருக்கு. வெளில ஆயில் ஈரமா இருந்தா சீல் போச்சு. இதுல ஷாஃப்ட் கார்ட்ரிட்ஜ முழுசா ஊடுருவி ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், கீழ் முனை லோயர்ல போல்ட் ஆகும், மேல் முனை ரப்பர் அடுக்க தள்ளும், அதனால சீலும் ரெண்டு பக்கம், கசிய வழியும் ரெண்டு பக்கம். ஆனா இதுலயே ஒரு வசதியும் இருக்கு. ஷாஃப்ட் ஒரு பக்கம் எவ்ளோ உள்ள போகுதோ அவ்ளோ மறுபக்கம் வெளிய வந்துரும், உள்ள இருக்கற கொள்ளளவு மாறவே மாறாது, அதனால காத்துக்கு இடமே விடாம விளிம்பு வரைக்கும் ஆயில் ரொப்பணும்.

திறக்கற மாதிரி கார்ட்ரிட்ஜ்னா சைக்கிள் ட்யூப் துண்ட சுத்தி வைஸ்ல மெதுவா நிமித்தி புடிங்க, ஆரம்ப கால கார்ட்ரிட்ஜ் உடம்பு பிளாஸ்டிக், இறுக்குனா நசுங்கும். மூடிய கழட்டி பழைய ஆயில கொட்டுங்க, காப்பி டிகாஷன் மாதிரி வரும். சீலா இருக்கற ரப்பர் வளையம், அதாவது ஓரிங் சைஸ காலிப்பர்ல அளந்து நைட்ரைல் ஓரிங் வாங்கிக்கலாம், ஹார்டுவேர் கடைலயே கெடைக்கும். 5 வெயிட் (ஆயிலோட கெட்டி அளவு) சஸ்பென்ஷன் ஆயில் ஊத்தி ஷாஃப்ட்ட ரொம்ப மெதுவா மேல கீழ ஆட்டுங்க, குமிழி வரும், நில்லுங்க, மறுபடி ஊத்துங்க, மறுபடி ஆட்டுங்க, குமிழி நின்னதுக்கு அப்புறம் ததும்ப ததும்ப ஊத்தி கொஞ்சம் வழிய விட்டே மூடிய போடுங்க. அவசரப்பட்டு ஆட்டுனா ஆயில் நுரைச்சு காத்து உள்ளயே தங்கிரும். மூடி ஒரு ராத்திரி பேப்பர் மேல படுக்க வச்சு காலைல பேப்பர்ல எண்ணெய் கறை இருக்கான்னு பாருங்க, இந்த டெஸ்ட் பண்ணாம உள்ள மாட்டிட்டு மறுபடி எல்லாத்தயும் பிரிச்சா அழுகையே வரும்.

இப்ப ரப்பருக்கு பதிலா என்ன போடறது. புதுசா வார்த்த யூரித்தேன் கட்டை சின்ன அளவுல செஞ்சு விக்கறவங்க இருக்காங்க, அது போட்டா ஒரிஜினல் ஃபீல் வரும், ஆனா இன்னும் கொஞ்ச வருஷத்துல அதுவும் பிசின் தான், குளிர்ல கெட்டியாவும் ஆகும். நான் ஸ்டீல் ஸ்ப்ரிங்குக்கு போய்ட்டேன். அதுக்கு கொஞ்சம் கணக்கு வேணும், பயப்படாதீங்க, ஆறாங்கிளாஸ் கணக்கு தான்.

ஆள் 75 கிலோ, வண்டி 12 கிலோ, மொத்தம் 87. முன்னாடி விழறது சுமாரா 40 சதவீதம்னு வைங்க, 35 கிலோ. இந்த ஃபோர்க் அமுங்கற தூரம் சுமாரா 60 மில்லிமீட்டர், சும்மா ஏறி உக்காந்தா அதுல அஞ்சுல ஒரு பங்கு, அதாவது 12 மில்லிமீட்டர் அமுங்கணும். ஸ்ப்ரிங்க மூடி போடும்போதே 5 மில்லிமீட்டர் அமுக்கி வைக்கறோம்னா மொத்தம் 17. 35அ 17ஆல வகுத்தா ரெண்டு காலுக்கும் சேத்து மில்லிமீட்டருக்கு 2 கிலோ சொச்சம், ஒரு காலுக்கு 1 கிலோ. அமெரிக்க ஸ்ப்ரிங் கேட்டலாக்ல இன்ச்சுக்கு இத்தன பவுண்டுன்னு போட்டிருப்பான், 1 கிலோ பர் மில்லிமீட்டர்ங்கறது 56 பவுண்ட் பர் இன்ச். அந்த ரேஞ்சுல தேடுங்க, எடை கூடுதல்னா அதே விகிதத்துல கூட்டிக்கோங்க.

இந்த மில்லிமீட்டருக்கு இத்தன கிலோங்கற கணக்க மட்டும் பாத்து வாங்கி ஏமாறாதீங்க. ஸ்ப்ரிங் முழுசா அமுங்கி சுருளோட சுருள் ஒட்டிக்கிட்டா அதுக்கு மேல அது வெறும் இரும்பு குழாய். அதனால ஸ்ப்ரிங்கோட நீளத்துலருந்து ஒட்டிக்கிட்ட நீளத்த கழிச்சா 65 மில்லிமீட்டருக்கு மேல இருக்கணும், அஞ்சு பத்து கூட இருந்தா நிம்மதி. விட்டம் ஸ்டாங்ஷன் உள்விட்டத்த விட ஒரு மில்லிமீட்டராச்சும் கம்மியா இருக்கணும், அமுங்கும்போது ஸ்ப்ரிங் லேசா விரியும். மேல ஒரு ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டுட்டா கடகடன்னு சத்தம் வராது, ஷாஃப்ட் முனைக்கும் ஸ்ப்ரிங்குக்கும் நடுவுல நைலான் வட்டு ஒண்ணு வைங்க, பழைய அடுக்கோட நீளத்துக்கு சரிக்கட்ட அந்த வட்டு உயரத்த கூட்டி கொறச்சுக்கலாம். இன்னொண்ணு, ரப்பர் அமுங்கி எழும்போது தானே கொஞ்சம் சக்திய தின்னுரும், ஸ்டீல் ஸ்ப்ரிங் வாங்குனத அப்படியே திருப்பி குடுக்கும். கார்ட்ரிட்ஜ் சரியில்லாம ஸ்ப்ரிங் மட்டும் போட்டா குதிரை மேல உக்காந்த மாதிரி துள்ளும், அதுக்கு தான் கார்ட்ரிட்ஜ பத்தி அவ்ளோ நீட்டி சொன்னேன்.

மாட்டறது பிரிச்சதோட தலைகீழ் தான், ரெண்டு மூணு விஷயம் மட்டும். இந்த ஃபோர்க்ல லோயர் உள்ள ஆயில் கெடயாது, கிரீஸ் தான். அந்த காலத்துல கம்பெனியே ஜூடி பட்டர்னு பேரு வச்சு ஒரு கிரீஸ் வித்துச்சு, பேருக்காகவே வாங்கலாம் போல. இப்ப சஸ்பென்ஷனுக்குன்னு வர லித்தியம் இல்லாத கிரீஸ் எதுவும் ஓகே, கார் பேரிங்குக்கு அடிக்கற கிரீஸ மட்டும் அப்பாதீங்க. நாலு புஷ்ஷுலயும், ஷாஃப்ட்லயும், மூடி மரைலயும் தடவுங்க, புஷ்ஷுக்கு நடுவுல இருக்கற இடத்துல கொஞ்சம் தாராளமாவே அப்பலாம். சர்க்கிளிப் காடில முழுசா உக்காந்துச்சான்னு ஸ்க்ரூடிரைவர் முனையால சுத்தி தட்டி பாருங்க. அடி போல்ட் மரைய துடச்சு நீல கலர் லாக் பசை ஒரு சொட்டு போட்டு 6லருந்து 7 நியூட்டன் மீட்டர்ல நிறுத்துங்க. மேல் மூடிய கடைசில ஸ்ப்ரிங் போட்ட அப்புறம் கையால திருகி அதுக்கு மேல லேசா ஒரு பிடி, போதும்.

ரப்பர் பூட்ட மாட்ட மறக்காதீங்க. கிழிஞ்ச பூட் போட்டு ஓட்டறதுக்கு பூட்டே இல்லாம ஓட்டலாம், மண்ணு உள்ள போய் வெளிய வர வழி இல்லாம புஷ்ஷ உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

வண்டில மாட்டுனதும் ஸ்ப்ரிங் போடறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. வீல மாட்டி ஃபோர்க்க அடி வரைக்கும் அமுக்கி டயருக்கும் கிரவுனுக்கும் நடுவுல இடம் இருக்கான்னு பாருங்க. இப்ப வர கொழுத்த டயர் அந்த காலத்து ஃபோர்க்ல நிக்கும்போது பொருந்தும், பள்ளத்துல எறங்கும்போது கிரவுன்ல போய் முட்டி வீல் நின்னுரும். ஒரு விரல் இடமாச்சும் வேணும். அப்புறம் ஸ்ப்ரிங் போட்டு மூடி, பூட்ட மேல தள்ளி ஸ்டாங்ஷன்ல ஒரு பிளாஸ்டிக் டேக் கட்டி லோயர் வரைக்கும் எறக்கி விட்டு, மெதுவா ஏறி உக்காந்து எறங்கி எவ்ளோ நகந்துச்சுன்னு அளங்க. எனக்கு கணக்குல 12, நெசத்துல 14 வந்துச்சு, மேல் குமிழ ரெண்டு திருப்பு திருப்பி சரி பண்ணிட்டேன்.

முதல் நாளே மலைக்கு போகாதீங்க, தெருவுல ஸ்பீட் பிரேக்கர் மேல ஒரு அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து அடி போல்ட், பிரேக் ஆர்ச் போல்ட், கிரவுன்ல போல்ட் இருந்தா அதுவும், எல்லாத்தயும் டார்க் ரெஞ்ச்ல ஒரு தடவ பாருங்க. என்னோடதுல ஆர்ச் போல்ட் ஒண்ணு கால் சுத்து லூஸ் ஆகியிருந்துச்சு. அடி போல்ட் கிட்ட ஆயில் கசிவு தெரிஞ்சா கார்ட்ரிட்ஜ் கீழ் சீல், மறுபடி அந்த கால் மட்டும் பிரிச்சா போதும், இந்த தடவ அரை மணி நேர வேலை தான்.